குறைந்துபோன எதிர்ப்புச் சக்தி அல்ல, மிரண்டுபோன எதிர்ப்புச் சக்தி

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காலத்தில் ஏழு பாட்டில்கள் நின்றன. ஜிங்க் சிரப் ஒன்று, மல்டிவைட்டமின் இரண்டு, ஆடாதோடை சிரப், நெல்லிக்காய்ச் சாறு, பெயர் மறந்துபோன ஒரு பச்சை டானிக், என் மாமனார் கும்பகோணத்தில் தெரிந்த வைத்தியரிடம் வாங்கி வந்த லேகியம். ஏழையும் தந்தது வேறு வேறு ஆட்கள். சொன்ன காரணம் மட்டும் ஒன்றுதான்: "புள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி. அதான் மாசத்துக்கு ரெண்டு தடவை சளி புடிக்குது."

நானும் நம்பித்தான் ஊட்டினேன். அது தலைகீழான கணக்கு என்று புரிய இரண்டரை வருஷம் ஆயிற்று. கைக்குழந்தையாக இருக்கும்போது ஆர்எஸ்வி என்ற சளி வைரஸ் வந்து ஐசியுவரை போய்த் திரும்பிய பிள்ளையை வைத்திருக்கும் யாருக்காவது அந்த இரண்டரை வருஷத்தில் கொஞ்சமாவது மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர்கள் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும், ராத்திரி ராத்திரியாகப் பார்த்ததையும் சொல்கிறேன்.

மகன் பிறந்தது 2019 செப்டம்பர் முதல் வாரம். நிறைமாதம், 2.9 கிலோ, ஒரு சிக்கலும் இல்லை. நவம்பர் மழையில் ஸ்ரீரங்கத்து வீடுகளெல்லாம் காயாத துணி வாடை அடித்துக்கொண்டிருந்தபோது அவனுக்குப் பத்து வாரம். பெரியவள் அப்போது யூகேஜி. வகுப்பில் பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகியது, இவளுக்கும்தான். பள்ளிவிட்டு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்த் தம்பி கன்னத்தில் முகத்தை வைத்து அழுத்துவாள். அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தவள் நானேதான்.

ஐந்தாம் நாள் தம்பிக்கு மூக்கடைத்தது. காய்ச்சல் இல்லை. அதற்கும் இரண்டு நாள் கழித்து, பால் குடிக்கும்போது நடுநடுவே வாயை எடுத்துவிட்டு மூச்சு வாங்கினான். பக்கத்து கிளினிக்கில் சாதாரணச் சளி என்று சிரப் எழுதித் தந்தார்கள். சாயங்காலம் அத்தை குளிப்பாட்டி, மூக்கில் வாய் வைத்து ஊதி, சாம்பிராணிப் புகையும் காட்டினார். என் புருஷனையும் அவர் கூடப்பிறந்தவர்களையும் அப்படித்தான் வளர்த்தார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அன்று ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டுச் சட்டையை விலக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே ஒரு குழி விழுந்து எழுந்தது, உள்ளேயிருந்து யாரோ தோலைப் பிடித்து இழுப்பதுபோல. மூக்கின் ஓரம் விரிந்து விரிந்து சுருங்கியது. தலை மூச்சுக்கு மூச்சு லேசாக ஆடியது. மதியத்துக்குப் பிறகு நாப்கின் நனையவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு நிமிஷம் முழுசாக எண்ணினார். 68. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது நிறையும்வரை நிமிஷத்துக்கு 50-ம் அதற்கு மேலும் போனாலே வேகமூச்சு. இரண்டு மாதத்துக்குள் என்றால் 60. ஒரு வயதுக்கு மேல் 40. உலக சுகாதார நிறுவனம் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சொல்லித்தரும் கணக்கு இது. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. குழந்தை அழாமல் இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுக்க எண்ண வேண்டும். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகிவிடும், ஏனென்றால் கைக்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது.

காலில் கட்டிய கருவியின் சிவப்பு விளக்கு அவன் பாதத்தைத் தாண்டி வெளியே தெரிந்தது. அவ்வளவு சின்னப் பாதம். ஆக்சிஜன் 86 என்று காட்டியது. ஐசியுவில் மூக்கு வழியாக வேகமாகக் காற்றும் ஆக்சிஜனும் தரும் ஹை ஃப்ளோ கருவியில் மூன்று நாள், வார்டில் ஐந்து நாள். பாலைப் பிழிந்து கொடுத்தேன், மூக்குக்குழாய் வழியாக ஏற்றினார்கள். மூக்குச் சளியைப் பஞ்சுக்குச்சியில் எடுத்துப் பரிசோதித்ததில் ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ் என்று வந்தது. சுருக்கமாக ஆர்எஸ்வி. நோயின் பெயர் பிராங்கியோலைட்டிஸ், நுரையீரலின் கடைசிச் சின்னக் குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்வது.

அந்தப் பெயரை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. இரண்டு வயதுக்குள் அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு தடவையாவது வந்துபோகும் வைரஸ் அது. பெரும்பாலானவர்களுக்கு வெறும் சளியாக வந்து போய்விடும். அந்த 2019-ஆம் வருஷத்துக்கு மட்டும் உலகம் முழுக்க ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள்: ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 3.3 கோடிப் பேருக்கு ஆர்எஸ்வியால் நெஞ்சுவரை இறங்கிய தொற்று, 36 லட்சம் பேர் ஆஸ்பத்திரியில், ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் மரணம். இறந்தவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைய ஆறு மாதம்கூட ஆகாதவர்கள். 100-க்கு 97 மரணம் நம்மைப்போன்ற நடுத்தர, ஏழை நாடுகளில். அந்த 36 லட்சத்தில் ஒன்று என் பிள்ளை.

ஐசியு வாசலில் நான் டாக்டரிடம் சண்டைக்குப் போனதையும் சொல்லிவிடுகிறேன். "நெபுலைசர் வைக்கல, ஆன்டிபயாட்டிக் போடல, வெறும் காத்து மட்டும் குடுத்துட்டு இருக்கீங்க?" அவர் கோபப்படவில்லை. இந்த வயதில், இந்த நோயில், குழாய் அடைபடுவது தசை இறுகியதால் இல்லை, செத்து உதிர்ந்த செல்களும் சளியும் சேர்ந்து சாக்கடை அடைப்பதுபோல அடைக்கிறது, தசையைத் தளர்த்தும் மருந்து அங்கே என்ன செய்யும் என்று கேட்டார். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. ஆக்சிஜன், பால், மூக்கைத் திறந்து வைப்பது, பொறுமை. மூன்றிலிருந்து ஐந்தாம் நாள்தான் உச்சம், அப்புறம் இறங்கும் என்றார். அப்படியே நடந்தது. போகும்போது ஒன்று சொன்னார்: "அடுத்த ரெண்டு மூணு வருஷம் சளி புடிச்சா வீசிங் வரலாம்மா. பயந்துடாதீங்க. ஆனா அலட்சியமாவும் இருக்காதீங்க."

வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் அந்த வரி காதில் விழவில்லை.

2020 ஜனவரி. பொங்கலுக்கு அம்மா வீட்டுக்கு, அம்பத்தூர் போயிருந்தோம். போகியன்று விடிகாலை தெரு முழுக்கப் புகை. அன்று ராத்திரியே விசில் சத்தம். பிப்ரவரியில் இரண்டு தடவை. மார்ச் தொடக்கத்தில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டில் ஃப்ரிட்ஜுக்கு வந்து சேர்ந்தது.

அப்புறம் மார்ச் கடைசியில் ஊரடங்கு. அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒன்றரை வருஷம் அவனுக்கு எதுவும் இல்லை! ஒரு தும்மல், ஒரு ராத்திரி இருமல்கூடக் கிடையாது. லேகியம்தான் வேலை செய்தது என்று மாமனார் ஊருக்கெல்லாம் போனில் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

2021 நவம்பர் ஒன்றாம் தேதி ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை பள்ளிகள் திறந்தன. பெரியவள் இரண்டாம் வகுப்பு. பத்தாம் நாள் அவளுக்குச் சளி, பதிமூன்றாம் நாள் தம்பிக்கு வீசிங். மறுபடி ஆரம்பித்தது. லேகியம் அதே அளவு, அதே வேளை. மாறியது ஒன்றுதான்: வைரஸ் வீட்டுக்குள் வரும் வழி திறந்துவிட்டது.

அப்போதுதான் நான் உருப்படியாக ஒரு காரியம் செய்தேன். பழைய கணக்கு நோட்டில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். சளி இருந்ததா, இல்லையா. ராத்திரி இருமல் எத்தனை மணிக்கு. விளையாடும்போது, சிரிக்கும்போது இருமினானா. என்ன மருந்து, எத்தனை நாள். வேறு யாருக்கு உடம்பு சரியில்லை. ஒரு நாளைக்கு ஒரு வரி. அவ்வளவுதான். இன்றைக்கும் யாராவது என்னிடம் கேட்டால் முதலில் சொல்வது இந்த நோட்டுதான். டாக்டரிடம் போகும் அன்று குழந்தை நன்றாக இருக்கும், நெஞ்சில் வைத்துக் கேட்டால் சத்தமே இருக்காது. நாமோ "அடிக்கடி வருது டாக்டர்" என்போம். அடிக்கடி என்றால் எத்தனை? மூச்சு இழுக்கும் நேரத்தில் அரை நிமிஷம் போனில் வீடியோவும் எடுத்துவைத்தேன், நெஞ்சு தெரிகிற மாதிரி, சத்தத்தோடு. நாலு வாக்கியத்தில் நான் சொல்ல முடியாததை அது சொல்லியது.

நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் 2022 தொடக்கத்தில் இன்னொரு பாதையில் போயிருப்போம். இருமல் விடவில்லை, எடையும் ஏறவில்லை என்று ஓர் இடத்தில் காட்டியதில், "பிரைமரி காம்ப்ளக்ஸா இருக்கும், ஆறு மாசம் மாத்திரை போட்டுடலாம்" என்றார்கள். நம் ஊரில் இந்த வார்த்தையைக் கேட்காத தாய் அபூர்வம். குழந்தைகளுக்கு வரும் ஆரம்பக்கட்டக் காசநோய் அது. நிஜமாகவே இருந்தால் ஆறு மாத மருந்து கட்டாயம். இந்தியாவில் டிபியை அலட்சியம் செய்ய முடியாது, நானும் செய்யவில்லை. ஆனால் பரிசோதனை எதுவும் இல்லாமல் ஆரம்பிக்க மனசு வரவில்லை. இன்னொரு இடத்தில், குழந்தைகளுக்கான நுரையீரல் நிபுணரிடம் போனோம். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் டெஸ்ட், எக்ஸ்ரே, வீட்டில் யாருக்காவது டிபி உண்டா என்ற விசாரணை எல்லாம் நடந்தது. டிபி இல்லை. எடை ஏறாததற்குக் காரணம் நாங்கள்தான். சளி பிடிக்கும் என்று தயிர், வாழைப்பழம், ஆரஞ்சு, திராட்சை, நீர்க்காய் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தோம். இரண்டரை வயதுப் பிள்ளை ரசம் சாதத்தில் வளர முடியுமா?

அவர் நோட்டை முழுக்கப் படித்தார். அட்மிஷன் சம்மரியில் ஆர்எஸ்வி என்ற வரியில் பேனாவால் கோடு போட்டார். "இவனுக்கு எதிர்ப்புச் சக்தி கம்மின்னு யார் சொன்னது?" என்றார். "சீழ் புடிச்ச நிமோனியா வந்திருக்கா? காதுல, தோல்ல திரும்பத் திரும்ப இன்ஃபெக்‌ஷன்? வாய்ப்புண் ஆறாம இருந்திருக்கா? எதுவும் இல்ல. இவன் சக்தி நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் கூடுதலா வேலை செய்யுது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்வாங்கல்ல, அந்த மாதிரி."

பிரிஸ்கிரிப்ஷன் தாளின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். எனக்குப் புரிந்தவரை இதுதான்.

வயிற்றுக்குள் இருக்கும்போது குழந்தையின் எதிர்ப்பு அமைப்பு தாயோடு சண்டை போடாமல் அடங்கியிருக்க வேண்டும். அதனால் பிறந்த புதிதில் வைரஸை நேராக அடித்து வீழ்த்தும் பிரிவு கொஞ்சம் சோம்பலாகவும், அலர்ஜி வகையைச் சேர்ந்த பிரிவு, அதாவது சளியைச் சுரக்கவைத்து, ஈசினோஃபில் என்ற அலர்ஜி வெள்ளை அணுக்களைக் கூப்பிடுகிற பிரிவு, ஓங்கியும் இருக்கும். அந்த நேரம் பார்த்து ஆர்எஸ்வி நுழைகிறது. உடம்பு வைரஸுக்கு எதிராக முதலில் சுரக்கும் இன்டர்ஃபெரானை அமுக்கிவைக்கவே அதனிடம் இரண்டு புரதங்கள் உண்டு. குழாயின் உட்சுவர் செல்கள் சிதையும்போது ஐஎல்-33, டிஎஸ்எல்பி என்ற அபாயச் செய்திகளை அனுப்புகின்றன. அந்தச் செய்திக்கு எழுந்து வருவது ஏற்கெனவே ஓங்கியிருக்கும் அலர்ஜிப் பிரிவுதான். வைரஸ் போன பிறகும் சுவரும், அதன் காவல் செல்களும் அந்த மிரட்சியிலேயே இருந்துவிடலாம். நுரையீரலோ முதல் இரண்டு வருஷத்தில்தான் வேகமாக வளர்கிறது. வளர்கிற நேரத்தில் பட்ட காயம். அதற்குப் பிறகு ஒரு சாதாரணச் சளி வைரஸ் வந்தாலும், தூசி வந்தாலும், திருடன் வந்துவிட்டான் என்று ஊரையே கூட்டிவிடும்.

எனக்கு உடனே ஏழு பாட்டில்கள் நினைவுக்கு வந்தன. ஏற்கெனவே மிரண்டிருக்கிறவனை இன்னும் உசுப்பிவிடத்தானே பார்த்தோம்? டாக்டர் சிரித்தார். அந்தப் பாட்டில்களுக்கு உசுப்பும் அளவுக்குச் சக்தி கிடையாது, காசுதான் போச்சு என்றார். ஆனால் ஆர்எஸ்வி விஷயத்தில் எதிர்ப்பைத் தப்பாக உசுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு என்று சொன்னார். பிறகு அதைத் தேடிப் படித்தேன். 1966 வாக்கில் அமெரிக்காவில் ஃபார்மலினில் செயலிழக்கச் செய்த ஆர்எஸ்வியைத் தடுப்பூசியாகக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்த வருஷம் நிஜ வைரஸ் வந்தபோது, தடுப்பூசி போட்டுத் தொற்று வந்தவர்களில் 100-க்கு 80 பேர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தது. போடாத கூட்டத்தில் 5 பேர். இரண்டு குழந்தைகள் இறந்தன. எதிர்ப்பு உண்டானது, ஆனால் தப்பான வகை எதிர்ப்பு. அந்த அடியில் ஆர்எஸ்வி தடுப்பூசி வேலையே பல பத்து வருஷம் பின்தங்கியது.

சரி, ஆர்எஸ்விதான் என் பிள்ளையை இப்படி ஆக்கியதா? இதில்தான் நான் பல ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டேன். ஸ்வீடனில் பூராஸ் என்ற ஊரில் 1989-90 குளிர்காலத்தில் ஆர்எஸ்வியால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 47 குழந்தைகளைப் பதினெட்டு வயதுவரை தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அந்த வயதில் அவர்களில் 39 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா அல்லது திரும்பத் திரும்ப வீசிங். ஆர்எஸ்விக்காகச் சேராத, ஒத்த வயதுக் குழந்தைகளில் 9 சதவீதம். இதைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. அமெரிக்காவில் அரிசோனாவின் டூசான் நகரில் 1980-இல் தொடங்கிய ஆய்வு கொஞ்சம் ஆறுதல் சொன்னது. மூன்று வயதுக்குள் ஆர்எஸ்வி நெஞ்சுக்கு இறங்கியவர்களுக்கு ஆறு வயதில் வீசிங் வாய்ப்பு நாலு மடங்குக்கு மேல். பதினொன்றில் அது குறைகிறது. பதின்மூன்றில் வித்தியாசம் அநேகமாக மறைந்துவிடுகிறது. ஆனால் டூசான் குழந்தைகளில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிவரை போகாதவர்கள், பூராஸ்காரர்கள் போனவர்கள். என் பிள்ளை எந்த ஊர்க்காரன் என்பது எனக்குத் தெரிந்ததுதான்.

டென்மார்க்கில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது: ஆஸ்துமா வரக்கூடிய உடல்வாகு பரம்பரையாக உள்ளவர்களுக்குத்தான் ஆர்எஸ்வியும் கடுமையாக வருகிறது என்று. அதாவது வைரஸ் குற்றவாளி அல்ல, சாட்சி. நெதர்லாந்தில் குறைமாதக் குழந்தைகள் 429 பேரில் பாதிப் பேருக்கு ஆர்எஸ்வியைத் தடுக்கும் ஆன்டிபாடி ஊசி போட்டுப் பார்த்தார்கள். முதல் வருஷத்தில் வீசிங் நாட்கள் 61 சதவீதம் குறைந்தன, ஆனால் ஆறு வயதில் ஊதிப் பார்த்தபோது நுரையீரல் வேலைசெய்யும் அளவில் வித்தியாசம் இல்லை. 2023-இல் வந்த டென்னசி ஆய்வோ, முதல் வருஷத்தில் ஆர்எஸ்வி தொற்றாமல் தப்பிய குழந்தைகளுக்கு ஐந்து வயதில் ஆஸ்துமா வாய்ப்பு 26 சதவீதம் குறைவு என்கிறது. இரண்டும் உண்மை என்றுதான் எனக்குப் படுகிறது. குற்றவாளியும் அதுவே, சாட்சியும் அதுவே.

எங்கள் வீட்டில் அந்தச் சாட்சி சொல்ல நிறைய இருந்தது. என் கணவருக்குக் காலையில் எழுந்தால் இருபது தும்மல். அத்தைக்குச் சின்ன வயதில் இளைப்பு இருந்தது என்று இந்த விசாரணையில்தான் வெளியே வந்தது. கல்யாணத்துக்கு முன் யாரும் சொல்லவில்லையே என்று நான் கேட்கவில்லை. அவர்தான் ஒரு நாள் அடுப்படியில் தானாகவே ஆரம்பித்தார்: "ஏம்மா, என்கிட்டேர்ந்துதான் வந்துச்சாம்மா புள்ளைக்கு?" நான் இல்லை அத்தை, வைரஸ் என்றேன். வைரஸ் மேல் பழி போடுவதில் ஒரு வசதி, அது யார் வீட்டு உறவும் இல்லை.

நோட்டு இன்னொன்றையும் காட்டியது. 2022 பாதிவரை சளி வந்தால் மட்டும்தான் வீசிங். அதற்குப் பிறகு சளி இல்லாத நாட்களிலும் விளையாடிச் சிரித்தால், பீரோவுக்கு மேலிருந்து போர்வை எடுத்தால், ராத்திரி மூன்று மணிக்கு என்று இருமல் வர ஆரம்பித்திருந்தது. அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான், அப்பாவின் அலர்ஜியையும் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொண்டு, தினசரி இழுக்கும் தடுப்பு இன்ஹேலரை ஆரம்பித்தார். மிகக் குறைந்த அளவு ஸ்டீராய்டு. ஐந்து வயதுக்குள் ஊதிப் பார்க்கும் டெஸ்ட் சரியாக வராது, அதனால் ஆஸ்துமா என்று அடித்துச் சொல்லமாட்டேன், மூன்று மாதம் போட்டுப் பார்த்து நோட்டைப் பார்ப்போம் என்றார்.

'பம்ப்' என்றதும் வீட்டில் பஞ்சாயத்து. பழகிவிடும், நிறுத்த முடியாது, இதயம் கெட்டுவிடும், பையன் வளரமாட்டான். நான் ஒரு கணக்கு சொல்லித்தான் அதை முடித்தேன். வீசிங்குக்கு நாம் யோசிக்காமல் ஊட்டும், குழாய்த் தசையைத் தளர்த்தும் சால்பியூட்டமால் சிரப்பில் ஐந்து மில்லிக்கு 2 மில்லிகிராம் மருந்து. இழுப்பு வந்தால் மட்டும் கொடுக்கும், அதே மருந்தின் இன்ஹேலரில் ஒரு அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம். ஒரு ஸ்பூன் சிரப்பில் இருபது அழுத்தல் மருந்து வயிற்றுக்குப் போய் உடம்பெல்லாம் சுற்றுகிறது. எது பயப்பட வேண்டியது? இரண்டரை வருஷத்துக்கு முன் வேலை செய்யாது என்று டாக்டர் மறுத்த அதே மருந்து, இப்போது தசையும் இறுகுகிற வயதில், பத்து நிமிஷத்தில் அவனைப் பேசவைத்தது.

ஸ்பேசர் பற்றிக் கொஞ்சம். இன்ஹேலருக்கும் முகமூடிக்கும் நடுவில் மாட்டும் பிளாஸ்டிக் குழாய் அது. வாங்கித் தருகிறார்களே தவிர, செய்து காட்டுவது குறைவு. முதல் ஒரு மாதம் நான் தப்பாகத்தான் கொடுத்தேன். அழ அழ முகத்தில் அழுத்தினால் மருந்து நெஞ்சுக்குப் போகாது, தொண்டையிலும் முகத்திலும்தான் படியும். தூங்கும்போது கொடுக்கப் பார்த்தேன், விழித்து அலறினான். கடைசியில் பெரியவள்தான் வழி கண்டுபிடித்தாள். மாஸ்க்கைத் தன் முகத்தில் வைத்து விமானம் ஓட்டும் பைலட் ஆனாள். அன்றிலிருந்து அவனும் பைலட். குலுக்க வேண்டும், மாஸ்க் கன்னத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும், ஒரு தடவை அழுத்தி ஐந்தாறு மூச்சு, வால்வு அசைவதைப் பார்த்து எண்ண வேண்டும். இரண்டாவது அழுத்தல் தேவையென்றால் மறுபடி குலுக்கித்தான். ஸ்டீராய்டு கொடுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும், மாஸ்க் பட்ட இடத்தைத் துடைக்க வேண்டும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காற்றில் உலரவிட வேண்டும். நான் பளபளவென்று துணியால் துடைத்துவைத்தேன். அப்படித் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்தெல்லாம் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளுமாம்.

வீட்டில் மாற்றியது பெரிதாக ஒன்றும் இல்லை. கொசுவர்த்திச் சுருள் போய் வலை வந்தது. சாம்பிராணி பூஜையறையோடு, அதுவும் அவன் வெளியே இருக்கும்போது. போகிக்கு அம்பத்தூர் போவதில்லை, பொங்கலன்று மதியம் போகிறோம். மூக்கடைத்தால் சலைன் சொட்டு மட்டும், வாயால் ஊதுவதும் எண்ணெய் விடுவதும் கிடையாது. வருஷா வருஷம் மழைக்கு முன் ஃப்ளூ ஊசி. தயிரும் வாழைப்பழமும் திரும்பி வந்தன, எடையும் வந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் பாட்டில்கள் இருந்த இடத்தில் டாக்டர் எழுதித் தந்த தாள் ஒட்டியிருக்கிறது: நன்றாக இருக்கும் நாளில் என்ன, இருமல் ஆரம்பித்தால் என்ன, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பேச மூச்சு பத்தாவிட்டாலோ, உதடு நீலமானாலோ எதற்கும் காத்திராமல் கிளம்பு என்று. ராத்திரி மூன்று மணிக்கு மூளை வேலை செய்யாது, தாள் வேலை செய்யும்.

மூன்று மாதத்தில் நோட்டில் வெற்று வரிகள் கூடின. ஒரு வருஷம் கழித்து டோஸைக் குறைத்தார்கள். நானாக ஒரு தடவை நிறுத்திப் பார்த்தேன், பதினெட்டாம் நாள் பாடம் கிடைத்தது. 2025-இல் ஆறு வயது முடிந்ததும் ஊதிப் பார்க்கும் டெஸ்ட் எடுத்தோம். திரையில் மெழுகுவத்திகள், ஊதினால் அணையும். இரண்டு தடவை சிரித்துக் கெடுத்து, மூன்றாவதில் எல்லாவற்றையும் அணைத்தான். அளவுகள் சரியாகவே இருந்தன. டாக்டர் நிறுத்தலாம் என்று சொல்லவில்லை. ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்.

அதே வருஷம் என் நாத்தனாருக்குப் பிரசவம். 2023 முதல் சில நாடுகளில் கர்ப்பிணிகளுக்கு ஏழாம் மாதத்துக்குப் பிறகு போடும் ஆர்எஸ்வி தடுப்பூசியும், பிறந்த குழந்தைக்கே ஒரே தடவை போடும் நிர்செவிமாப் என்ற ஆன்டிபாடி ஊசியும் வந்துவிட்டன. 1960-களில் சறுக்கியது இப்போதுதான் கைகூடியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் இரண்டையும் பரிந்துரைக்கிறது. அவளுக்கு அது பற்றி எழுதி அனுப்பி, உன் டாக்டரிடம் கேள் என்றேன். கூடவே, முதல் மூன்று மாதம் மூக்கு ஒழுகுகிறவர்கள் யாரும், அது நானாகவே இருந்தாலும், குழந்தையைத் தூக்கக் கூடாது என்றும் எழுதினேன்.

பெயர் வைக்கும் விழாவுக்குப் போனோம். பெரியவளுக்குப் பதினொரு வயது. எல்லோரும் அறைக்குள் போய்விட்டோம், இவள் மட்டும் நிலைப்படியில் நின்றாள். உள்ளே வாடி என்றார் அத்தை. "எனக்கு லேசா தொண்டை கரகரப்பா இருக்கு பாட்டி. நான் இங்கேர்ந்தே பாத்துக்கறேன்" என்றாள்.

2019-இல் ஐசியு வாசலில் ஆத்திரத்தில் அவளிடம் ஒன்று சொல்லியிருந்தேன்: "நீதானே ஒட்ட வச்சே." அப்போது அவளுக்கு ஐந்து வயது, மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். எழுந்து வெளியே போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் குழந்தையின் கால் மட்டும்தான் தெரிந்தது.